அரசமரமும் அரசியல் சட்டமும்

“நுவரெலியா கச்சேரியில பேசப் போறேன். நீ வந்து எழுதிக் குடுக்கணும்” என்று தியாகு அத்தான் தொலைபேசியில் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அத்தானுக்குப் பாட்டு வராது என்பது குடும்பத்துக்கே தெரியும். கச்சேரியில் இவருக்கு என்ன வேலை? பிறகுதான் விளங்கியது. இலங்கையில் மாவட்ட அலுவலகத்துக்குக் கச்சேரி என்று பெயர். நம் பக்கத்திலும் ஒரு காலத்தில் அப்படித்தான் சொன்னார்கள். நாம் பாட்டுக்காரர்களிடம் கொடுத்துவிட்டோம், அவர்கள் இன்னும் வைத்திருக்கிறார்கள்.

விஷயம் இதுதான். அங்கே புதிய அரசியலமைப்பு ஒன்றை எழுத யோசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு முன்னால் மாவட்டம் மாவட்டமாக வந்து மக்களிடம் கருத்துக் கேட்டார்கள். யார் வேண்டுமானாலும் பெயர் கொடுத்துப் பேசலாம். அத்தான் கொடுத்துவிட்டார். நான் துறையூரில் மேல்நிலைப் பள்ளியில் அரசியல் அறிவியல் ஆசிரியை. “வருஷம் பூரா இதத்தானே புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்குற? எனக்கு ஒரு அஞ்சு நிமிஷத்துக்கு எழுதிக் குடேன்” என்றார்.

இருந்த இடத்திலிருந்தே எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் அவர் மனைவி மல்லிகா அக்கா, என் பெரியம்மா மகள், போனைப் பிடுங்கி, “இந்தச் சாக்குலயாவது வந்து பாத்துட்டுப் போடி வசந்தி” என்றாள். பள்ளி விடுமுறை. கிளம்பிவிட்டேன்.

கொழும்பிலிருந்து மலை ரயில். எதிர் இருக்கையில் ஒரு குடும்பம் கட்டுச்சோற்றைப் பிரித்தது. நான் வாயைத் திறந்ததும் “அக்கா இந்தியாவா? எந்த ஊருங்க?” என்றார் அந்தப் பெண். திருச்சிப் பக்கம் என்றேன். “நாங்களும் அந்தப் பக்கந்தான்” என்றார் சட்டென்று. எந்த ஊர் என்று கேட்டதற்கு, “அது தெரியாதுங்க. திருச்சிப் பக்கம்னு மட்டும் சொல்லுவாங்க” என்றார். அவர் பேசிய தமிழ் எங்கள் துறையூர் சந்தைத் தமிழேதான். கடல் தாண்டி வந்தது போலவே இல்லை. வட்டவளை வந்ததும் மழை பிடித்துக்கொண்டது. இறங்கும்வரை விடவில்லை.

அத்தானின் கடை வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் இடையில் ஒரு சிறிய கடைத்தெருவில் இருக்கிறது. ஊர்ப் பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பாத்திரமும் பூஜைச் சாமானும் விற்கும் கடை. பிள்ளையாருக்குச் சூடமும் புத்தருக்கு ஊதுபத்தியும் ஒரே அலமாரியில் இருந்தன. புத்தர் பிறந்த வெசாக் பண்டிகைச் சமயத்தில் காகித விளக்குக் கூடுகள்தான் பெரிய வியாபாரமாம். அக்கா கனமான தேங்காய் ரொட்டியும் உறைப்பான சம்பலும் வைத்தாள். ஒரு ரொட்டியிலேயே வயிறு நிறைந்தது. குளிருக்கு மூன்று சாப்பிட்டேன்.

காலையில் அத்தான் என்னைக் கடை வாசலில் நிறுத்தி எதிரே இருந்த அரசமரத்தைக் காட்டினார். மரத்தடியில் கிழக்குப் பார்த்து ஒரு பிள்ளையார். அத்தானின் அப்பா கடை போடுவதற்கு முன்பே அங்கே இருந்தவர். மரத்துக்கு மறுபுறம் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு புத்தர். சுற்றிலும் கலர் பல்புகள் ஓடி ஓடி எரிந்தன.

“பொல்பிட்டிய பவர் ஸ்டேஷன்ல எடுக்குற கரண்டுல பாதி இந்தப் பெட்டிக்கே போவுது” என்றார் அத்தான்.

பெட்டியை வைத்தவர்கள் பக்கத்து வாகன ஸ்டாண்ட் ஓட்டுநர்கள். அநேகமாக எல்லோரும் சிங்களவர்கள். நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒருவர் வந்து புத்தருக்குப் பூ வைத்தார், அப்படியே மரத்தைச் சுற்றி வந்து பிள்ளையாருக்கு ஒரு சிதறுகாய் உடைத்தார், வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

“இவ்வளவு ஒத்துமையா இருக்காங்களே. அப்புறம் என்ன பிரச்சினை அத்தான்?”

“மதில்” என்றார்.

அரசமரம் அவர்களுக்குப் போதி மரம். அதைச் சுற்றி மதில் எழுப்பி, வாசல் வைத்துப் பூட்டிப் பாதுகாப்பது வழக்கம். ஓட்டுநர்கள் சேர்ந்து சிமெண்டும் மணலும் வாங்கிவிட்டார்கள். மதில் வரும் கோடு சரியாகப் பிள்ளையாரின் மடியில் விழுகிறது. அவரைக் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொள்ளலாம் என்கிறார்கள். அத்தான் ஓர் அலுவலகத்துக்கு முறையிடப் போனார். அங்கே இருந்த ஒருவர், “சட்டத்துலயே பௌத்தத்துக்கு முதல் இடம் குடுத்திருக்கு முதலாளி. நாங்க எப்பிடி வேணாம்னு சொல்றது?” என்று கேட்டுச் சிரித்தாராம்.

“அவன் மாட்டேன்னு சொல்லியிருந்தா போயிருப்பேன். சிரிச்சான் பாரு, அதுதான் எனக்குத் தாங்கல” என்றார் அத்தான். அன்றே கச்சேரியில் பேசப் பெயர் கொடுத்துவிட்டார்.

மத்தியானம் முழுக்க அவர்களுடைய அரசியலமைப்பின் தமிழ்ப் பிரதியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பௌத்த மதத்துக்கு ‘முதன்மைத் தானம்’ என்று போட்டிருந்தது. ஏதோ பெரிய கொடை கொடுக்கிறார்கள் என்று முதலில் நினைத்துவிட்டேன். ஸ்தானத்தைத்தான் தானம் என்று எழுதியிருக்கிறார்கள். மற்ற மதங்களுக்கும் உரிமை உண்டு என்பதும் அதே இடத்தில் இருக்கிறது. சுதந்திரம் கிடைத்தபோது இருந்த சட்டத்தில் இந்த முதன்மை கிடையாது. எந்த மதத்துக்கும் சலுகை தரும் சட்டம் கூடாது என்றுதான் இருந்தது. எழுபதுகளில் குடியரசானபோது இது உள்ளே வந்தது. எங்கள் முகப்புரையில் ‘சமயச் சார்பற்ற’ என்ற சொல் சேர்ந்ததும் அதே எழுபதுகளில்தான். ஏறக்குறைய ஒரே காலத்தில் அவர்கள் ஒன்றைச் சேர்த்தார்கள், நாங்கள் ஒன்றைச் சேர்த்தோம். இரண்டும் எதிரெதிர்த் திசையில்.

இதை அத்தானிடம் வியந்து சொன்னேன். அவர் வியக்கவில்லை. “அதெல்லாம் அப்புறம் வந்தது வசந்தி. சுதந்திரம் கெடச்ச சூட்டோட போட்ட சட்டத்துல ஒண்ணு, எங்க தாத்தாவ இந்த நாட்டுக்காரனே இல்லன்னுச்சு. நாங்க அங்கேருந்து ஒவ்வொரு படியா ஏறி வந்துருக்கோம்” என்றார்.

எனக்கு வேகம் வந்துவிட்டது. எங்கள் அரசியல் நிர்ணய சபையில் ‘கடவுளின் பெயரால்’ என்று தொடங்கலாமா என்று வாக்கெடுத்து, வேண்டாம் என்று முடிவானதிலிருந்து ஆரம்பித்து எழுதினேன். அரசுக்கு மதம் இருந்தால் குடிமகன் எங்கே நிற்பான் என்று கேட்டேன். அத்தான் வாசித்துப் பார்த்து, “ஆஹா!” என்றார். அக்கா கீரை ஆய்ந்துகொண்டே கேட்டாள்.

“நல்லாத்தான் இருக்கு. மரம் எங்கடி?”

மரத்தை மறந்தே போயிருந்தேன். கடைசிப் பத்தியில் ஒட்டிவைத்தேன்.

மறுநாள் காலை நுவரெலியா பஸ். கூட்டம் மத்தியானம்தான். ஆனால் மலைப்பாதையை நம்ப முடியாது என்று அத்தான் சீக்கிரமே கிளப்பிவிட்டார். பஸ்ஸில் ஏறியதும் காலியாக இருந்த முதல் சீட்டில் அமர்ந்தார். நான் பின் சீட்டில். ஹட்டனில் ஒரு பிக்கு ஏறினார். ஐம்பது வயது இருக்கும். காவி உடை, கையில் குடை, காலில் நனைந்த செருப்பு. அத்தான் எழுந்துவிட்டார். அது மதகுருமாருக்கு ஒதுக்கிய சீட் என்று மேலே மூன்று மொழியில் எழுதியிருந்ததை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, “பாத்தியா, பஸ்லயே ஆரம்பிச்சிருச்சு முதல் இடம்” என்றார்.

பிக்கு திரும்பிப் பார்த்தார். “மொத சீட்டுல இருந்தா, எதுக்கால வர்ற லொறி எல்லாம் மொதல்ல நமக்குத்தான் தெரியும் மாத்தயா” என்றார். ‘ஐயா’ மட்டும் சிங்களம், மற்றதெல்லாம் தமிழ்.

அத்தான் சிவந்துபோனார். முன்னால் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். “ஹாமுதுருவனே, தமிழ் தெரியுமா?” என்று அத்தான் மரியாதையாகக் கேட்டார். சின்ன வயதில் வட்டவளையில் தேயிலைத் தோட்டத்து எல்லையில் வீடு என்றும், லயம் என்கிற தொழிலாளர் வரிசை வீட்டுப் பிள்ளைகளோடு பந்தடித்து வந்த தமிழ் என்றும் பிக்கு சொன்னார்.

தலவாக்கலை தாண்டி ஓர் ஏற்றத்தில் பஸ் பெருமூச்சு விட்டு நின்றது. நடத்துனர் இறங்கி அடியில் பார்த்தார், டிரைவர் பார்த்தார், பயணிகளில் பாதிப்பேர் பார்த்தார்கள். நம் ஊராக இருந்தால் இந்நேரம் நடத்துனரின் பரம்பரையே வீதிக்கு வந்திருக்கும். இங்கே எல்லோரும் குடையை விரித்துக்கொண்டு தேயிலையைப் பார்த்தபடி நின்றார்கள். ஒரு பெண் எனக்கும் குடை பிடித்தார்.

அப்போது ஒரு காலி வேன் வந்து பிக்குவுக்காக நின்றது. ஓட்டி வந்தவன் நிஹால். எங்கள் கடைத்தெரு ஸ்டாண்டைச் சேர்ந்தவன். நுவரெலியா சந்தைக்குக் காய்கறி ஏற்றப் போகிறான். அத்தானைப் பார்த்ததும், “முதலாளி, நீங்களும் ஏறுங்க” என்றான். அத்தான் தயங்கினார். என் காதில், “இவன்தான் மதில் கட்டுறவன்” என்றார். ஆனால் மழை வலுத்தது. ஏறிவிட்டோம்.

முன்னால் நிஹாலும் பிக்குவும். பெண்கள் பிக்குவின் பக்கத்தில் அமர்வதில்லை என்பதால் நான் பின்னால், அத்தானுக்கு எதிரே, கவிழ்த்த கூடைமேல். வேன் முழுக்க லீக்ஸ் என்ற வெங்காயத்தாள் வாசம்.

எங்கே பயணம் என்று பிக்கு கேட்டார். கச்சேரிக்கு என்றார் அத்தான். “நானும் அங்கதான்” என்றார் பிக்கு. என்ன பேசப் போகிறீர்கள் என்று இருவரும் ஏறக்குறைய ஒரே நேரத்தில் கேட்டார்கள். பிக்கு முதல் இடம் இருக்க வேண்டும் என்று பேசப் போகிறார். அத்தான் அதை எடுக்க வேண்டும் என்று பேசப் போகிறார்.

பிறகு பிக்கு சிங்களத்துக்கு மாறினார். அத்தான் எனக்கு மொழிபெயர்த்தார். “எங்க பாஷையும் எங்க வழிபாடும் இப்படிச் சேந்து இருக்குறது உலகத்துலயே இந்தத் தீவுல மட்டுந்தானாம். இங்க அழிஞ்சா ஒதுங்க வேற கரை இல்லையாம். அதனால சட்டத்துல ஒரு கை புடிமானம் வேணுமாம்.”

மொழிபெயர்த்து முடித்ததும் அத்தான் தன் பதிலைச் சொன்னார். தமிழிலேயே சொன்னார். “எங்களுக்கும் வேற கரை இல்ல ஹாமுதுருவனே. இவ ஊருக்குப் போனா என்னைய சிலோன்காரன்னு சொல்றாங்க. இங்க இந்தியாக்காரன்னு சொல்றாங்க. எங்களுக்குப் புடிமானம் யாரு தர்றது?”

நான் என் பாதங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தானை முதன்முதலில் ‘சிலோன்காரர்’ என்று அழைத்தது எங்கள் வீடுதான்.

நிஹால் கண்ணாடியில் என்னைப் பார்த்து ஏதோ கேட்டான். அத்தான் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார். “உங்க நாட்டுச் சட்டத்துல எல்லா மதமும் ஒண்ணுன்னு எழுதியிருக்காமே, அப்ப அங்க சண்டையே வராதான்னு கேக்குறான்.” என்னோடு வேலை பார்க்கும் பாத்திமா வாடகைக்கு வீடு தேடி அலைந்த அலைச்சல் நினைவுக்கு வந்தது. “எழுதியிருக்கு. அதைக் காட்டிக் கோர்ட்டுக்குப் போகலாம். சண்டையும் வரும்” என்றேன். நிஹால் திருப்தியாகத் தலையாட்டினான். தன் நாடு மட்டும் மோசமில்லை என்று அவனுக்கு நிம்மதி போலிருந்தது.

அதற்குப் பிறகுதான் அத்தான் மரத்தைப் பற்றிச் சொன்னார். சொல்லச் சொல்ல நிஹாலின் கழுத்து விறைத்தது. பிக்கு அவனைத் திரும்பிப் பார்த்தார். வருகிற போயா என்னும் பௌர்ணமி தினத்தில் அந்த மதிலுக்கு அடிக்கல் வைக்க ஒப்புக்கொண்டிருந்தவர் அவரேதான்.

“பிள்ளையாரை எடுக்கணும்னு நீ சொல்லலையே” என்றார் நிஹாலிடம்.

நிஹால் சிங்களத்தில் படபடவென்று பேசினான். அத்தான் பிறகு சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. கினிகத்தேன இறக்கத்தில் ஒருமுறை அவனுக்குப் பிரேக் பிடிக்கவில்லை. வேனில் பள்ளிக்கூடப் பிள்ளைகள். எப்படியோ ஒரு மண்மேட்டில் ஏறி நின்றுவிட்டது. அன்று செய்த வேண்டுதல் இந்த மதில். “நான் பிள்ளையாருக்கும்தான் தேங்காய் உடைக்கிறேன். எடுத்து எறியவா சொன்னேன்? நாலடி தள்ளி வைக்கச் சொன்னேன்.”

“நாலடி தள்ளி வைன்னு ஒன்னோட புத்தரச் சொன்னா?” என்றார் அத்தான்.

எல்லோரும் சிங்களத்தில் ஒரே நேரத்தில் பேச, வேன் ஒரு சந்தைக்கடை போல் ஆனது. எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனால் எல்லாமே விளங்கியது.

நானுஓயா பக்கம் வந்தபோது நிஹால் திடீரென்று வண்டியை ஒரு தேநீர்க் கடை வாசலில் நிறுத்தினான். உச்சிப்பொழுது நெருங்கிவிட்டது. அதற்குமேல் பிக்குகள் சாப்பிட மாட்டார்கள். மறுநாள் காலைவரை வெறும் வயிறுதான். வாய்விட்டுக் கேட்கவும் மாட்டார்கள். கடையில் இருந்ததெல்லாம் மீன் அடைத்த பன், அவர்கள் சொல்லில் மீன் பணிஸ். பிக்கு மீன் தொடுவதில்லை என்று நிஹால் கையைப் பிசைந்தான்.

அக்கா கட்டிக்கொடுத்த பொட்டலம் என் மடியில் இருந்தது. ரொட்டி, சம்பல், உருளைக்கிழங்குப் பிரட்டல். அத்தான் என்னைப் பார்த்தார், பொட்டலத்தைப் பார்த்தார். கோபம் இன்னும் முகத்தில் இருந்தது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, செருப்பைக் கழற்றிவிட்டு, பிக்குவின் முன் மண்டியிட்டு இரண்டு கையாலும் நீட்டினார். அங்கே வளர்ந்தவர்களுக்கு அது தானாக வரும் போலிருக்கிறது.

பிக்கு சாப்பிட்டு முடியும்வரை நாங்கள் மூவரும் பால் இல்லாத பிளேன்டியோடு ஓரமாக நின்றோம். எனக்குப் பசியில் உயிர் போனது. இலையை மடித்ததும் அவர், “சம்பல் நல்ல உறைப்பு” என்றார் தமிழில். பிறகு மூன்று பேருக்கும் சேர்த்து வாழ்த்துச் சொன்னார். மிச்சமிருந்த இரண்டு ரொட்டியை நாங்கள் மூவரும் பிய்த்துக்கொண்டோம்.

கச்சேரிக் கூடத்தில் நல்ல கூட்டம். மேடையில் ஒரு குழு. தலைமை வகித்த அம்மையாரின் முன்னால் ஒரு மேசை மணி. ஒரு தோட்டத்துப் பெண் பேசிக்கொண்டிருந்தார். “சாமியெல்லாம் எங்க வேணா இருக்கட்டும்ங்க. லயத்துல எங்க வீட்டுக்குன்னு ஒரு நம்பர் குடுங்க. கடுதாசி வந்தா தொரை ஆபீசுலயே கெடக்குது.” கூடமே கை தட்டியது. எங்கள் பிக்குவும் தட்டினார்.

பிக்குவை முன்னதாகவே அழைத்துவிட்டார்கள். அவர் வேனில் சொன்னதையே இன்னும் அழகாகச் சொன்னார். முதல் இடம் இருக்க வேண்டும், ஓர் எழுத்தும் குறையக் கூடாது. என் காதில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்த அத்தானின் குரல் போகப் போக இறங்கியது. மரத்தைப் பற்றி அவர் ஏதாவது சொல்வார் என்று அத்தான் எதிர்பார்த்திருக்கிறார். ஒரு வார்த்தை இல்லை. “நம்ம ரொட்டிய தின்னுட்டு…” என்று முணுமுணுத்தார்.

பிறகு அத்தான் முறை. என் உரையைக் கணீரென்று வாசித்தார். நான் ஒன்றைக் கணக்கில் எடுத்திருக்கவில்லை. ஒவ்வொரு வாக்கியத்தையும் மொழிபெயர்ப்பாளர் சிங்களத்தில் திருப்பிச் சொன்னார். நேரத்தில் பாதி அவருக்குப் போனது. அத்தான் இந்திய அரசியல் நிர்ணய சபையைவிட்டு வெளியே வருவதற்குள் மணி அடித்துவிட்டது. மரம் கடைசிப் பத்தியில் பத்திரமாக இருந்தது. எனக்கு நாற்காலிக்கு அடியில் போய்விடலாம் போலிருந்தது.

அத்தான் தாளை மடித்தார். மொழிபெயர்ப்பாளருக்கு வேலை வைக்காமல் நேராகச் சிங்களத்தில் மரத்தையும் மதிலையும் சொன்னார். தலைவி குறுக்கிட்டார். அது ஊர்ச்சபை விஷயம், அரசியலமைப்புக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார்.

அத்தான் சொன்ன பதிலை அவரே பிறகு எனக்குத் தமிழில் சொன்னார். “அந்த வரியக் காட்டித்தானம்மா என்னையத் திருப்பி அனுப்புனாங்க. நீங்க மேல ஒரு வரி எழுதுறீங்க. அது எறங்கி எங்க தெருவுக்கு வரும்போது மதிலா வந்து நிக்குது.”

அப்போது முன்வரிசையில் பிக்கு எழுந்தார். உங்கள் நேரம் முடிந்துவிட்டது என்று தலைவி பணிவாகச் சொன்னார். முடிந்ததுதான், ஆனால் அந்த மதிலுக்குக் கல் வைக்க ஒப்புக்கொண்டவன் நான், அதனால் சொல்ல வேண்டியிருக்கிறது என்றார் பிக்கு. “நான் கேட்டது மாறவில்லை. முதல் இடம் இருக்கட்டும். ஆனால் அதைக் காட்டி எவரையும் இருந்த இடத்திலிருந்து நகர்த்தக் கூடாது என்று அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். நான் தர்மத்துக்கு இடம் கேட்டேன், சிமெண்டுக்குக் கேட்கவில்லை.”

தலைவி இரண்டையும் குறித்துக்கொள்ளச் சொன்னார். அத்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கண் கலங்கியிருந்தது. ஆனாலும் வாய் சும்மா இருக்கவில்லை. “அப்பிடி ஒரு காவல் போடுறதுக்கு, அந்த வரியே இல்லாம விட்டுறலாமே” என்றார்.

திரும்பி வரும்போது வேன் நிறைய லீக்ஸும் கரட்டும். அத்தான் இதே வாதத்தைப் பிக்குவிடம் நேரடியாக வைத்தார். பிக்கு ஒப்புக்கொள்ளவில்லை. தலவாக்கலைவரை விவாதித்தார்கள். நிஹால் மட்டும் ஊமையாக ஓட்டினான். ஹட்டனுக்கு முன்னால் திடீரென்று, “அப்ப என் சிமெண்ட்? இந்த ஈரத்துல எத்தனை நாள் தாங்கும்? என் வேண்டுதல்?” என்றான். வேனில் யாரும் அதைப் பற்றி யோசித்திருக்கவில்லை.

அதற்கு வழி கண்டது அக்கா. பிக்குவும் நிஹாலும் கடைக்குள் வந்து நின்றார்கள். நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டு, எல்லோருக்கும் தேநீர் ஊற்றியபடி அவள் நிஹாலைச் சிங்களத்தில் கேட்டாள். மரத்துக்கு ஏன் மதில், மரம் எங்கே ஓடப்போகிறது? ஓட்டுநர்கள்தான் வருஷம் முழுக்க மழையில் நிற்கிறீர்கள். கும்பிட வருகிறவர்களும் நனைகிறார்கள். தூண் நிறுத்தித் தரை போட்டு ஒரு கூரை போட்டால் என்ன?

நிஹால் பிக்குவின் முகத்தைப் பார்த்தான். வேண்டுதல் தீருமா என்று கேட்டான். மழையில் நிற்கிறவனுக்கு ஒதுங்க இடம் கொடுத்தால் அதைவிடப் புண்ணியம் எது என்றார் பிக்கு. நிஹால் உடனே சரி என்று சொல்லிவிடவில்லை. தேநீர் ஆறும்வரை மரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு, “கூரைக்குத் தகரம் வேணுமே” என்றான். “தகரம் நான் தர்றேன்” என்றார் அத்தான். ஸ்டாண்டில் ஒருவர் கடைசிவரை சம்மதிக்கவில்லை. பெரிய மதில் எழுப்பிய ஊர்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவரும் தரை தோண்ட வந்தார்.

அரசியலமைப்பு என்னவாயிற்று என்று கேட்பீர்கள். இதை எழுதும்வரை புதிய சட்டம் வரவில்லை. பழைய வரி பழைய இடத்தில் இருக்கிறது. என் உரையின் முதல் பாதி மட்டும் எங்கோ பதிவாகியிருக்கும்.

போயா தினத்தன்று காலை தரைக்குக் கொங்கிரீட் போடும் வேலை. கடைத்தெருவே கூடியிருந்தது. அக்கா ஒரு பக்கம் சர்க்கரைப் பொங்கல், ஓட்டுநர்களின் வீட்டுப் பெண்கள் ஒரு பக்கம் பால்சோறு. நான் இரண்டுக்கும் நடுவில் தட்டோடு உட்கார்ந்துகொண்டேன். கலவை குழைத்துத் தயாராக இருந்தது. அப்போதுதான் பிரச்சினை கிளம்பியது. அத்தானின் பஞ்சாங்கப்படி நல்ல நேரம் ஒன்று. ஓட்டுநர்களின் சோதிடர் குறித்துக் கொடுத்தது வேறு. முதலில் பௌத்தர்களின் பிரித் மந்திரம் ஓதுவதா, முதலில் தேங்காய் உடைப்பதா?

“கச்சேரியிலதான் ஒங்களுக்கு மொத இடம். இங்க பிள்ளையார்தான் முந்தி வந்தவரு” என்றார் அத்தான்.

“மரம் அவருக்கும் முந்தி” என்றார் பிக்கு.

இருவரும் அசையவில்லை. மலையின் மேலிருந்து மழை கீழே இறங்கி வருவது வெள்ளைத் திரை போல் தெரிந்தது. கலவையின் மேல் முதல் துளி விழுந்தது. நிஹால் ஒரு தரம் அத்தானைப் பார்த்தான், ஒரு தரம் பிக்குவைப் பார்த்தான். சட்டியை அள்ளி முதல் கலவையைத் தானே தரையில் கொட்டிவிட்டான். மற்ற ஓட்டுநர்களும் சட்டியோடு ஓடினார்கள்.

“ஏய், அவசரக்குடுக்கை! கொஞ்சம் பொறுக்க ஏலாதா?” என்று ஒரு குரல் தமிழில் கேட்டது. அதற்குமேல் ஒரு குரல் சிங்களத்தில் சத்தம் போட்டது. திரும்பிப் பார்த்தேன். தமிழில் திட்டியவர் பிக்கு. சிங்களத்தில் திட்டியவர் அத்தான்.